வந்துகொண்டிருக்கிறேன்: கிண்டி ரயில் நிலையத்தை முன்வைத்து ஒரு நிகழ்கால ஆராய்ச்சி

இந்த ஆய்வின் தோற்றுவாய் ஒரு மசால் வடை.

இடம், கிண்டி ரயில் நிலைய நடைமேடை. நேரம், மாலை ஆறரை. தாம்பரம் வண்டி ஒன்று அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. அதில் ஏறியிருக்க வேண்டிய இளைஞர் ஒருவர் ஏறாமல் கடையோரம் நின்றிருந்தார். இடது கையில் எண்ணெய் ஊறிய காகிதத்தில் வடை, வலது கையில் போன். அவருக்கு நேரெதிரே மஞ்சள் பலகையில் ‘கிண்டி’ என்று மூன்று மொழிகளில் எழுதி, அடியில் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் ரயில்வேக்காரர்கள் போட்டிருந்தார்கள். அந்தப் பலகையைப் பார்த்தபடியே அவர் போனில் சொன்னார்: “ஐ ஆம் கமிங் சார். வந்துட்டே இருக்கேன். கிண்டி தாண்டிட்டேன்.” போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்காரரிடம், “அண்ணே, இன்னொண்ணு குடுங்க” என்றார்.

பக்கத்தில் நின்ற ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைக்காரர் முகத்தில் சலனமே இல்லை. இதைப் பொய் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம்தான். ஆனால் ஒரு நடைமேடையே சேர்ந்து ஒரு வாக்கியத்தை இயல்பாக எடுத்துக்கொள்கிறது என்றால் அது பொய்யாக இருக்க முடியாது, இலக்கணமாகத்தான் இருக்க வேண்டும். இந்தத் துணிபோடு ஆய்வில் இறங்கினேன். எத்தனை பேர் இப்படிப் பேசுகிறார்கள் என்று கணக்கெடுக்க ஒரு நோட்டும் கொண்டுபோனேன். நான்காவது ஆளை எழுதும்போது வீட்டிலிருந்து எனக்கே போன் வந்தது. “இதோ, கிளம்பிட்டே இருக்கேன்” என்று சொல்லிவிட்டு, நோட்டை மூடிவிட்டேன். ஆகவே இக்கட்டுரையில் புள்ளிவிவரம் எதிர்பார்க்க வேண்டாம்.

சிக்கல் இதுதான். நமக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி, ஆங்கிலத்தில் வழக்கமாக நடப்பதற்குச் சிம்பிள் பிரசன்ட், இந்த நொடியில் நடப்பதற்குப் பிரசன்ட் கன்டினியூஸ். ‘ஐ ஈட் வடை’ என்றால் வடை தின்னும் வழக்கமுள்ளவன். ‘ஐ ஆம் ஈட்டிங்’ என்றால் வாயில் வடை இருக்கிறது. இதைப் பள்ளியில் வருஷா வருஷம் நடத்துகிறார்கள். கல்லூரியில் ஒருமுறை நடத்துகிறார்கள். வேலை கிடைக்காவிட்டால் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் காசு கட்டி இன்னொரு முறை, கிடைத்துவிட்டால் ‘சாஃப்ட் ஸ்கில்ஸ்’ என்ற பெயரில் கம்பெனி செலவில் மறுபடியும். கபில்தேவே விளம்பரத்தில் வந்து ரேபிடெக்ஸ் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். இவ்வளவுக்கும் பிறகு ‘ஐ ஆம் நோயிங் சார்’ என்கிறோம். அறியாமையால் செய்யும் பிழை ஆளுக்கு ஆள் மாறும். இவ்வளவு ஒற்றுமையாக ஊரே செய்வதற்குப் பின்னால் ஒரு கொள்கை இருந்தாக வேண்டும்.

களம்

கிண்டியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அளவெடுப்பதில் இந்தப் பக்கத்துக்குப் பழைய பேர். இங்கே இருக்கும் பொறியியல் கல்லூரி, 1794இல் எட்டு மாணவர்களோடு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. பக்கத்துப் பரங்கிமலைக்கு அருகில்தான் 1802இல் லாம்டன் துரை சங்கிலி பிடித்து ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளந்தார். இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் வேலை அங்கேதான் ஆரம்பம். நிலத்தை அத்தனை துல்லியமாக அளந்த வட்டாரத்தில், ‘கிண்டி தாண்டிட்டேன்’ என்ற தூரத்துக்கு மட்டும் இன்றுவரை அளவில்லை. மாம்பலத்தில் இருப்பவர் சொல்கிறார். மறைமலை நகரில் இருப்பவர் சொல்கிறார். வீட்டில் சாக்ஸ் தேடிக்கொண்டிருப்பவரும் சொல்கிறார்.

இன்னொன்று, இங்கே எல்லாத் தமிழும் கிடைக்கும். மின்சார ரயிலும் மெட்ரோவும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் இடம். 1958இல் தொடங்கிய தொழிற்பேட்டைக்கு லேத் பட்டறை வேலைக்கு வருகிறவர்களும், கண்ணாடிக் கட்டடங்களில் கணினி முன் உட்கார வருகிறவர்களும் இறங்குவது ஒரே படிக்கட்டில். மதுரைக்காரர் “வந்துகிட்டிருக்கேன்” என்பார். மயிலாப்பூர் மாமா “வந்துண்டிருக்கேன்” என்பார். ராயபுரத்துத் தம்பி “வந்துனுகீறேன்” என்பார். போரூர்ப் பக்கம் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணர் “வந்துகொண்டிருக்கிறன்” என்பார். இத்தனை பேரும் வந்துகொண்டிருக்கிறார்கள். ஒருவரும் வந்தபாடில்லை.

ஜாதகம் மாறிய கதை

‘தாய்மொழித் தாக்கம்’ என்று பயிற்சியாளர்கள் ஒரு நோய்ப்பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழனின் ஆங்கிலத்தில் எது கோணினாலும் தமிழ்தான் குற்றவாளி. இந்தக் குற்றச்சாட்டை ஆராய, நிலையத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிண்டி தேசியப் பூங்காவிலிருந்து ஒரு வெளிமானை வரவழைப்போம். பூங்கா மொத்தமே 2.7 சதுர கிலோமீட்டர்தான், எனவே மான் வர அதிக நேரமாகாது.

மானின் இயல்பைச் சொல்லும்போது தமிழன் என்ன சொல்கிறான்? “மான் புல் தின்னும்.” வேலிக்கருகே நின்று குழந்தைக்குக் காட்டும்போது? “அதோ பாரு, தின்னுது.” குழந்தை நகர மாட்டேன் என்கிறது, அப்பாவுக்குக் கால் வலிக்கிறது. அப்போது? “எவ்வளவு நேரமா தின்னுட்டிருக்கு!” மூன்று நிலைமை, மூன்று வடிவம். இயல்புக்குத் ‘தின்னும்’, கண்ணெதிரே நடப்பதற்குத் ‘தின்கிறது’, இழுபறிக்குத் ‘தின்றுகொண்டிருக்கிறது’. ஆங்கிலத்தில் முதலாவதற்குச் சிம்பிள் பிரசன்ட், மற்ற இரண்டுக்கும் கன்டினியூஸ். மொழிபெயர்ப்பு இதோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. நம் ஊர் கைடு புத்தகங்களில் பரம்பரையாக ஒரு பட்டியல் வருகிறது: நான் போகிறேன், ஐ கோ. நான் போய்க்கொண்டிருக்கிறேன், ஐ ஆம் கோயிங். நான் போவேன், ஐ வில் கோ. மூன்று வரனுக்கும் மூன்று பெண்ணைப் பார்த்து, ஜாதகத்தை மட்டும் மாற்றி வைத்துக் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். தெருவில் கேட்டுப் பாருங்கள். “எங்கப்பா கிளம்பிட்டே?” “கடைக்குப் போறேன்.” கால் நடக்கிறது, கையில் பை இருக்கிறது. இந்தப் ‘போறேன்’ ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் கோயிங்’. “ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போறேன்” என்பதும் ‘ஐ ஆம் கோயிங்’தான். “தினமும் எட்டரை வண்டியில போவேன்” என்பதுதான் ‘ஐ கோ’. அதாவது ‘ஐ கோ’வுக்கு வாய்த்திருக்க வேண்டிய மாப்பிள்ளை ‘போவேன்’. அவனைக் கொண்டுபோய் ‘வில்’ வீட்டில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் அலுவலகத்தில் “டெய்லி ஐ வில் கம் பை எயிட் தர்ட்டி டிரெயின்” என்று ஒருவர் தன் பழைய வழக்கத்தைப் புதிய சபதம் போலச் சொல்கிறார். மேலாளரும் நாளையிலிருந்து ஒழுங்காக வருவான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்.

‘தினமும்தான் போறேன்’ என்று சொல்வதில்லையா என்று நீங்கள் கேட்கலாம். சொல்வோம், அலுப்பு தட்டும்போது. “தினமும்தான் போறேன், என்னத்தைக் கண்டேன்?” வழக்கத்தைச் சம்பவமாக மாற்றினால் அதில் சலிப்பு ஏறும் என்பது தமிழின் நுட்பம். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தில் தமிழின் நுட்பத்துக்கு இடமில்லை. அந்த ரென் துரை, பிரெஞ்சு அந்நியப் படையை வைத்து ‘போ கெஸ்ட்’ என்ற சாகச நாவலை 1924இல் எழுதியவர். வெளிநாட்டுப் படையில் சேர்ந்து திண்டாடும் வீரர்களைப் பற்றி எழுதிய கைதான் நமக்கும் டென்ஸ் எழுதிக்கொடுத்தது என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

குற்றம் தமிழின் மேல் இல்லை என்பதற்கு இன்னும் வலுவான சான்று ‘தெரியும்’. ஆங்கிலத்தில் நோ, வான்ட், லைக், அண்டர்ஸ்டாண்ட் போன்ற சொற்களுக்கு இங் ஒட்டாது என்று பாடம் நடத்துகிறார்கள். தமிழில்? தெரியும், வேண்டும், பிடிக்கும், புரியும். ஒன்றுகூடப் பாக்கியில்லாமல் அதே சொற்கள்தான் ‘கொண்டிரு’வை அண்டவிடாமல், ‘மான் தின்னும்’ வரிசையில் ‘உம்’ போட்டு உட்கார்ந்திருக்கின்றன. “எனக்குக் காபி பிடித்துக்கொண்டிருக்கிறது” என்று உயிருள்ள தமிழன் எவனும் சொன்னதில்லை. ‘தெரிந்துகொண்டிருக்கிறேன்’ என்று எழுதுகிறார்களே எனலாம். அது கேட்டறிந்து வைத்திருக்கிறேன் என்ற பொருளில் வருவது, சங்கதி வேறு. ஆக, தமிழை அப்படியே மொழிபெயர்த்திருந்தால் ‘ஐ ஆம் நோயிங்’ பிறந்தே இருக்காது. பிறகு அந்த இங் எங்கிருந்து வந்தது?

இங் விகுதி

இங்கேதான் இந்த ஆய்வு அறிவுலகத்துக்குத் தன் கொடையை வழங்குகிறது.

தொழிற்பேட்டையில் ஒரு சிறிய நிறுவனத்தின் நேர்காணல் அறைக்கு வெளியே, என் தங்கை மகனுக்குத் துணையாக ஒரு முழுக் காலை உட்கார்ந்திருந்தேன். கதவு சரியாகச் சாத்தாத அறை. உள்ளே கேட்கிற கேள்வியும் வருகிற பதிலும் வெளியே தெளிவாகக் கேட்கும். “ஐ ஆம் ஹேவிங் டூ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் சார்.” “ஐ ஆம் ஹேவிங் ஒன் டவுட் சார்.” “யெஸ் சார், ஐ ஆம் நோயிங் எக்ஸெல் சார்.” அதே பையன்கள் வெளியே வந்ததும் ஒருவனிடம் ஒருவன், “டேய், ஐ நோ டா, இவங்க கூப்பிட மாட்டாங்க” என்றார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். நண்பனிடம் ‘ஐ நோ’. மேலாளரிடம் ‘ஐ ஆம் நோயிங்’. வித்தியாசம் காலத்தில் இல்லை, எதிரில் இருக்கும் ஆளில் இருக்கிறது!

தமிழ்க் காதுக்கு ‘ங்’ என்ற ஒலி என்ன? வாங்க, போங்க, சொல்லுங்க, சரிங்க. கோயம்புத்தூர்ப் பக்கம் அந்த ‘க’வும் தேய்ந்து ‘ஏனுங்’, ‘சரிங்’ என்று வெறும் ‘ங்’ மட்டும் மிஞ்சும். பிறந்ததிலிருந்து மரியாதையை ‘ங்’ என்று கேட்டுப் பழகிய காதில், ‘கமிங்’, ‘நோயிங்’, ‘ஹேவிங்’ எப்படி விழும்? ‘ஐ வான்ட் லீவ்’ என்று மேலாளரிடம் சொல்ல நாக்கு கூசுகிறது. ‘லீவு வேணும்’ என்று முகத்துக்கு நேரே சொன்னதுபோல இருக்கிறது. ‘ஐ ஆம் வான்டிங் லீவ் சார்’ என்றால் ‘லீவு வேணுங்க சார்’. பணிவு வந்துவிட்டது. ஆகவே இங் என்பது தமிழ்நாட்டில் கால விகுதி அன்று, மரியாதை விகுதி. இதற்கு ‘இங் மரியாதைக் கொள்கை’ என்று பெயர் சூட்டுகிறேன். மறுப்பவர்கள் முதலில் தங்கள் மேலாளரிடம் ‘ஐ வான்ட்’ என்று சொல்லிவிட்டு வரட்டும்.

வெள்ளைக்காரரும் இதையே செய்கிறார் என்பது கொள்கைக்கு வலு. உதவி கேட்கத் தயங்கும் ஆங்கிலேயர் ‘ஐ வாஸ் வண்டரிங்’ என்று இழுப்பார், ‘ஐ ஆம் ஹோப்பிங்’ என்பார். தொடர்வினை போட்டால் கேட்பது மென்மையாகும் என்று அவர்களுடைய இலக்கணப் புத்தகங்களே சொல்கின்றன. அவர் செய்தால் நாகரிகம், நாம் செய்தால் தாய்மொழித் தாக்கம். பம்பாய்க் கவிஞர் நிசிம் எசக்கியல், மிஸ் புஷ்பா என்ற பெண்ணுக்கு நடக்கும் வழியனுப்பு விழாப் பேச்சாக ஒரு கேலிக் கவிதை எழுதினார். வினைச்சொல்லுக்கு வினைச்சொல் இங் போட்டுப் பேசுவார் அந்தப் பேச்சாளர். ஆங்கிலம் படித்தவர்கள் பல்லாண்டுகளாக அதைப் படித்துச் சிரிக்கிறார்கள். நம் கொள்கைப்படி அதில் சிரிக்க எதுவுமில்லை. வழியனுப்பு விழாவில் ‘ங்க’ போடாமல் வேறெங்கே போடுவது?

அதே நேர்காணலில் இன்னொரு வாக்கியமும் வந்தது. “ஐ ஆம் ஹெயிலிங் ஃப்ரம் திண்டிவனம்.” சொந்த ஊர் திண்டிவனம் என்று பொருள். ‘ஐ ஹெயில்’ என்பதே சரி, ஊர் ஒருமுறை அமைந்தால் அமைந்ததுதான் என்பார் ஆங்கில வாத்தியார். ஆனால் இந்தப் பையன் காலை நான்கு மணிக்குத் திண்டிவனத்தில் பஸ் ஏறி, பெருங்களத்தூரில் நெரிசலில் நின்று, வியர்த்து வந்து சேர்ந்தவன். வேலை கிடைத்தால் நாளையும் வருவான். அவன் திண்டிவனத்திலிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறான்.

வீட்டு விஷயத்தில் நம்மவர்கள் இன்னும் நுட்பமானவர்கள். வேளச்சேரியில் பன்னிரண்டு வருஷமாக இருப்பவரைக் கேளுங்கள். ‘ஐ லிவ் இன் வேளச்சேரி’ என்று வராது. ‘ஐ ஆம் ஸ்டேயிங் இன் வேளச்சேரி’ என்பார். நிரந்தரத்துக்குச் சிம்பிள், தற்காலிகத்துக்குக் கன்டினியூஸ் என்ற விதி அவருக்குத் தெரியாமலா? தெரிந்துதான் சொல்கிறார். வாடகை ஒப்பந்தம் வழக்கமாகப் பதினோரு மாதம். ஓராண்டைத் தாண்டிய குத்தகை என்றால் 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி பதிய வேண்டும் என்பதால் வந்த கணக்கு அது. பதினோராம் மாதம் வீட்டுக்காரம்மா மாடிப்படி இறங்கி வந்து, “பையனுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம், கீழ்ப்போர்ஷன் தேவைப்படும்” என்று சொல்லிவிடலாம். அப்படித் தலைக்கு மேல் கத்தி தொங்க வாழ்பவர் எந்தத் தைரியத்தில் சிம்பிள் பிரசன்ட் போடுவார்? சென்னையில் ‘ஐ லிவ்’ என்று சொல்லும் உரிமை பட்டா வைத்திருப்பவருக்கு மட்டுமே உண்டு. இதை நான் ஆய்வு முடிவாகச் சொல்லவில்லை, வாடகைக்காரனாகச் சொல்கிறேன்.

நில், கிட, இரு

இப்போது தமிழின் பழைய பெட்டியைத் திறக்க வேண்டும். தொல்காப்பியம் காலம் மூன்று என்கிறது. ஆனால் சங்கப் பாட்டுகளில் இன்றைய ‘கிறு’வைத் தேடினால் கண் பூத்துவிடும். நடந்தது, நடந்து முடியாதது என்ற இரண்டு கணக்கிலேயே பெரும்பாலும் காரியம் நடந்தது. நிகழ்காலத்துக்கென்று தனி உறுப்புகளை வரிசைப்படுத்திச் சொன்னது பிற்பாடு வந்த பவணந்தியின் நன்னூல்: கிறு, கின்று, ஆநின்று. பத்தாம் வகுப்பில் ஒப்பித்தது நினைவிருக்கும். முதல் இரண்டும் இன்றும் புழங்குகின்றன. மூன்றாவதான ‘ஆநின்று’ தேர்வுத்தாளில் மட்டும் உயிர்வாழ்கிறது. ‘உண்ணாநின்றான்’ என்றால் உண்ணாமல் நின்றான் என்று இன்றைய பிள்ளைகள் பொருள் சொல்வார்கள். உண்மையில் அவன் நன்றாகத் தின்றுகொண்டிருக்கிறான்.

அதில் ஒளிந்திருக்கும் வினை ‘நில்’. உரைகாரர்களில் சிலர் இதோடு ‘கிட’, ‘இரு’ என்பவற்றையும் சேர்த்துச் சொல்வதுண்டு. அதாவது ஒரு செயல் தொடர்கிறது என்பதைக் காட்டப் பழந்தமிழனுக்கு மூன்று வழி. நின்றுகொண்டு செய்வது, கிடந்து செய்வது, உட்கார்ந்து செய்வது. காலப்போக்கில் நிற்பது வழக்கொழிந்தது, கிடப்பதும் போயிற்று. இன்று மிஞ்சியது ‘கொண்டு + இரு’ மட்டும். கையில் எதையாவது பிடித்துக்கொண்டு, ஓரிடத்தில் இருப்பது. வடையும் போனும் பிடித்துக்கொண்டு நின்ற நம் இளைஞர் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்றபோது சொல்லுக்குச் சொல் உண்மை பேசினார். கொண்டு, ஆம். இருக்கிறேன், ஆம். ‘வந்து’ என்ற ஒரு சொல்லில்தான் கொஞ்சம் முன்பின்.

என் மைத்துனர் இந்தக் கலையில் இன்னும் ஒரு படி மேலே. அவர் ‘ஆன் த வே மாப்பிள்ளே’ என்று சொல்லும்போது பின்னணியில் பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். ஒருநாள் கேட்டேவிட்டேன். “கத்திப்பாராவுல மழை மாப்பிள்ளே” என்றார். அன்று ஆவணியின் உச்சி வெயில். கத்திப்பாராவில் வெயிலில் நின்றபடிதான் நானும் பேசினேன்.

ஆங்கிலேயர்களின் வண்டவாளத்தையும் ஒரு வரி சொல்லிவிடுவோம். ஹேம்லட் கையில் புத்தகத்தோடு வரும்போது, என்ன படிக்கிறீர்கள் என்று பொலோனியஸ் கேட்கும் இடம் ஷேக்ஸ்பியரில் இருக்கிறது. அவர் கேட்பது சிம்பிள் பிரசன்டில். இன்று எட்டாம் வகுப்புப் பையன் அப்படி எழுதினால் சிவப்பு மையில் அரை மார்க் போகும். ‘வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது’ என்பதற்கு ‘இஸ் பீயிங் பில்ட்’ என்ற வடிவம் அவர்களிடம் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில்தான் தலையெடுத்தது. அடுத்த நூற்றாண்டில் இதைக் கொடூரம் என்று இலக்கணக்காரர்கள் குதித்தார்கள். 2003இல் ஒரு பர்கர் கம்பெனி ‘ஐ ஆம் லவிங் இட்’ என்று உலகம் முழுக்க விளம்பரம் செய்தது. லவ் என்ற சொல்லுக்கு இங் ஒட்டக்கூடாது என்பது நமக்குப் பிரம்படி கொடுத்துச் சொன்ன பாடம். மெக்டொனால்டுக்கு யாரும் தாய்மொழித் தாக்கம் இருப்பதாகச் சொல்லவில்லை.

மெட்ரோ வேலை நடக்கிற இடங்களில் வைக்கிற தகரத் தடுப்புகளையும் வாசித்தேன். ‘பணிகள் நடைபெறுகின்றன. சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ பணிக்கும் அதே நிகழ்காலம், வருத்தத்துக்கும் அதே நிகழ்காலம். வருந்திக்கொண்டிருக்கிறோம் என்று போட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். தொழிற்பேட்டைக்குள் போனால் கதவுக்குக் கதவு வேறொரு பலகை: ‘ஹெல்பர் தேவை’. வினையும் இல்லை, காலமும் இல்லை. நாற்பது வருஷத்துக்கு முன் எழுதியதும் செல்லும், நாளைக்கும் செல்லும். வேலை கொடுக்கிறவனுக்கு இலக்கணத் தொல்லையே கிடையாது. இங் எல்லாம் வேலை கேட்கிறவனுக்குத்தான்.

தொல்காப்பியர் சாட்சி

மீதி ஒன்று இருக்கிறது: ‘கிண்டி தாண்டிட்டேன்’. நிகழ்காலத்தை மரியாதை என்று சமாளித்துவிட்டேன். ஆனால் கிண்டியில் நின்றுகொண்டு, தாண்டியாயிற்று என்று இறந்தகாலத்தில் சொன்னதை என்ன செய்வது? இங்கே எனக்கே கொஞ்சம் நம்பிக்கை தளர்ந்தது. வீட்டுக்குப் போய்ச் சொல்லதிகாரத்தைப் புரட்டினேன்.

வினையியலில் தொல்காப்பியர் ஒரு விதி வைத்திருக்கிறார். இனி நடக்கப்போவதையும் இப்போது நடப்பதையும், விரைவு தோன்ற, நடந்துவிட்டதாகச் சொல்லலாம் என்கிறார். நன்னூலும் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற நான்கு காரணங்களுக்காகக் காலம் மாறலாம் என்று அனுமதிக்கிறது. வழுதான், ஆனால் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழு. காலவழுவமைதி என்று பள்ளியில் படித்தோம். அம்மா அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் இடத்தை விட்டு அசையாமலே “தோ வந்துட்டேன்” என்கிறோமே, அதற்குத்தான் இந்தச் சட்டப் பாதுகாப்பு.

சட்டத்தைவிட எனக்குப் பிடித்தது, அதற்குச் சேனாவரையர் காட்டும் உதாரணம். ஒருவன் இன்னும் சாப்பிடவில்லை, சோறு தாமதமாகிறது. அவனோடு சேர்ந்து போக வேண்டிய காரியமுள்ள இன்னொருவன் அவசரப்படுத்துகிறான்: இன்னுமா சாப்பிடவில்லை? இவன் என்ன சொல்கிறான்? சாப்பிட்டாயிற்று, கிளம்பியாயிற்று என்கிறான். சாப்பாட்டைத் தொடாதவனும் அப்படித்தான் சொல்வானாம், பாதி சாப்பாட்டில் இருப்பவனும் அப்படித்தான் சொல்வானாம். உரையாசிரியர் அவனைப் பொய்யன் என்று எங்கேயும் சொல்லவில்லை. காத்திருப்பவன் மனம் பதறக்கூடாது என்ற அக்கறையை இலக்கணத்தில் சேர்த்து எழுதிவைத்திருக்கிறார்.

படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். போன் கண்டுபிடிக்க எத்தனையோ நூற்றாண்டு முன்னாலேயே கையில் வடையோடு நிற்பவனுக்காக விதி செய்தாகிவிட்டது. பதிலில் பாதியை ஆங்கிலத்தில் சொன்னான் என்பது மட்டுமே புதுசு. ‘ஐ ஆம் கமிங்’ என்ற அந்த வாக்கியத்தில் சொல் ஆங்கிலம், காலம் தொல்காப்பியம். ரென் அண்ட் மார்ட்டினை வைத்துத் திருத்தினால் எப்படித் திருந்தும்?

அந்த மாலையின் மிச்சத்தையும் பதிவு செய்துவிடுகிறேன். அடுத்த தாம்பரம் வண்டி வந்தது. இளைஞர் இரண்டாவது வடையின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, காகிதத்தில் கையைத் துடைத்து, ஓடிப்போய் ஏறினார். வண்டி நகர ஆரம்பித்தது, மஞ்சள் பலகை பின்னால் போனது. கம்பியைப் பிடித்தபடி மறுபடி போனை எடுத்து, நிறைந்த வாயோடு, “சார், வந்துட்டேன் சார்” என்று அவர் சொன்னது நடைமேடை வரைக்கும் கேட்டது. கிண்டி தாண்டிவிட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் அது முழு உண்மையாக இருந்திருக்கும். சொல்லவில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி யாராவது உங்களிடம் ‘ஐ ஆம் கமிங்’ என்றால், எங்கே வருகிறீர்கள் என்று கேட்டு அவரைப் பாவத்துக்கு ஆளாக்காதீர்கள். குளித்தாயிற்றா என்று மட்டும் கேளுங்கள்.